மணல்தான் பட்டறை! ஆணி அடிக்காமல் கட்டுமரம் கட்டியவர்களின் கதை

சென்னை பட்டினப்பாக்கத்தில் இருந்து கலங்கரை விளக்கம் வரை லூப் ரோட்டில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் குடியிருப்பு. மறுபக்கம் கடல். நடுவே மணலில் வரிசையாகப் படகுகள். நீலம், பச்சை, சிவப்பு என்று பளபளக்கின்றன. எல்லாம் ஃபைபர்!

அந்த வரிசையில் மரத்தால் ஆன கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

40 வருஷத்துக்கு முன்பு இந்தக் கடற்கரையில் நிலைமை நேர்மாறு. அப்போது மணல் முழுக்க மரம். குப்பத்தில் "மரம்" என்று சொன்னாலே கட்டுமரம்தான். "மரம் வந்தாச்சா?" என்று கேட்டால், "புருஷன் கடலில் இருந்து திரும்பி வந்தாச்சா?" என்று அர்த்தம்.

அந்த மரங்களைச் செய்து கொடுத்த பட்டறைகள் எங்கே போயின?

போர்டு இல்லாத பட்டறை

அவற்றுக்குப் போர்டு கிடையாது. கூரை கிடையாது. பூட்டு சாவி கிடையாது. அலை வந்து தொடாத மேட்டு மணலில் நாலு மரத் துண்டு கிடந்தால் அதுதான் பட்டறை. வெயில் ஏறினால் ஒரு ஓலைத் தட்டியைச் சாய்த்துக் கொள்வார்கள்.

தச்சர் ஒருவர். கையாள் ஒருவர் அல்லது இரண்டு பேர். படகு வேலை செய்கிற தச்சருக்கு "ஓடாவி" என்று பழைய பெயர் உண்டு. நாகப்பட்டினம் பக்கமும் யாழ்ப்பாணம் பக்கமும் இந்தப் பெயர் பழக்கம். சென்னைக் குப்பங்களில் "மேஸ்திரி" என்றால் போதும். சில இடங்களில் மீனவரே கோடாலியைத் தூக்கி வேலையை முடித்துக் கொள்வதும் உண்டு.

சாமான் எல்லாம் ஒரு கோணிப் பைக்குள் அடங்கும். கோடாலி, வாய்ச்சி, உளி, சுத்தி, துளை போடத் துறப்பணம். கரண்டு தேவை இல்லை. ஆணி ஒரு கிலோ கூட வாங்க வேண்டாம். கட்டுமரத்துக்கு ஆணியே கிடையாது!

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கட்டிய மரம். அவ்வளவுதான்.

தீக்குச்சி மரம்

வேலை ஆரம்பிப்பது மரத்தில். கனமான மரம் உதவாது. தேக்கு எவ்வளவு உசத்தியானாலும் கட்டுமரத்துக்கு வேண்டாம். லேசான மரம் வேண்டும். தண்ணீரில் போட்டால் நெட்டி மாதிரி மிதக்க வேண்டும்.

மலைவேம்பு, முள்ளிலவு, ஆல்பீசியா போன்ற மரங்கள் இதற்கு எடுபடும். கேரளா பக்கம் இருந்து லாரியில் வரும்.

இதில் ஒரு சங்கடம். முள்ளிலவு போன்ற லேசான மரங்களைத் தீப்பெட்டித் தொழிலும் கேட்கும். பிளைவுட்டுக்காரரும் கேட்பார். பெட்டி அடிக்கிறவரும் கேட்பார். சட்டைப் பையில் இருக்கிற தீக்குச்சியும் கடலில் போகிற கட்டுமரமும் ஒரே ஜாதி மரத்துக்குப் போட்டி போட்டன. ஆலைக்காரர் கையில் ரொக்கம். கட்டுமரக்காரர் கையில் கடன். மரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

மரம் வாங்கி வந்ததும் உடனே செதுக்க முடியாது. பட்டையை உரித்து மணலில் போட்டுக் காய வைக்க வேண்டும். பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். எடை இருக்கும். அப்படியே கட்டினால் பாதி முழுகிக் கொண்டே போகும்.

மரம் காய்கிற வரை அதில் போட்ட பணமும் சேர்ந்து காயும். பட்டறை நடத்தியவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். வேலை தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். மரத்தை வாங்கிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கத் தெம்பு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதனால் இரண்டு வழி வைத்திருந்தார்கள். மீனவரே மரம் வாங்கிக் கொடுத்தால் மேஸ்திரிக்குக் கூலி மட்டும். மேஸ்திரியே மரம் போட்டால் அச்சாரம் கொஞ்சம், மிச்சம் மீன் பாடு கண்ட பிறகு.

மீன் பாடு என்பது கார்ப்பரேஷன் சம்பளம் இல்லை. முதல் தேதி வராது. அக்டோபரில் வடகிழக்கு மழை பிடித்துக் கொண்டால் கடல் கொந்தளிக்கும். நாள் கணக்கில் யாரும் இறங்க மாட்டார்கள். மேஸ்திரிக்கு வர வேண்டிய பாக்கி அப்படியே நிற்கும். குப்பத்தில் யாரிடம் போய்க் கண்டிப்பாகக் கேட்பது? கேட்கிறவர் வீட்டு அடுப்புக்கும் அதே மீன்தான்!

உள்ளங்கை மாதிரி

காய்ந்த மரத்தைச் செதுக்குவதில்தான் சூட்சுமம்.

பார்க்கிறவர்களுக்கு நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் மாதிரி தெரியும். அப்படி நினைத்தால் தப்பு. தெப்பம் தட்டையாக இருக்கும். கட்டுமரம் தட்டை இல்லை. நடுமரம் கீழே இறங்கி இருக்கும். பக்கத்து மரங்கள் கொஞ்சம் ஏறி இருக்கும். உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தால் அந்த வடிவம் தெரியும்.

முன்பக்கத்துக்கு "அணியம்" என்று பெயர். அது மேலே தூக்கிக் கொண்டு கூராக இருக்க வேண்டும். அலையைக் குத்திப் பிளக்க வேண்டியது அதுதான். இயற்கையிலேயே லேசாக வளைந்த மரம் கிடைத்தால் மேஸ்திரி முகத்தில் சிரிப்பு வரும். பாதி வேலை மிச்சம். நேர் மரத்தை வளைவாகக் காட்ட வேண்டும் என்றால் வாய்ச்சியால் கொத்திக் கொத்திக் கை ஓய்ந்து விடும். வெட்டி எறிகிற செதிலும் காசு கொடுத்து வாங்கிய மரம்தானே!

சிறிய மரம் என்றால் மூன்று, நான்கு கட்டை. பெரியது என்றால் ஐந்து, ஏழு வரை போகும். என்ன மீன் பிடிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. பறக்கிற கோலா மீனைப் பிடிக்கப் போகும் "கோலா மரம்" ஒரு தினுசு. கரையோரம் தூண்டில் போடுகிற மரம் ஒரு தினுசு. தையல்காரரிடம் அளவு கொடுப்பது மாதிரிதான்.

"இன்னா தம்பி, ஒருத்தனாப் போவியா, ரெண்டு பேரா?"

"ரெண்டு பேரு மேஸ்திரி. தம்பியும் வர்றான்."

"பாய் விரிப்பியா?"

"காத்து இருந்தா விரிக்கிறதுதான்."

இந்த மூன்று கேள்வியில் நீளம், அகலம், கனம் எல்லாம் முடிவாகிவிடும். காகிதம், பென்சில், படம் ஒன்றும் இல்லை. முழம் போட்டு, சாண் போட்டு, கரித்துண்டால் ஒரு கோடு.

செதுக்கிய மரங்களை முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு என்று கயிற்றால் இறுக்குவார்கள். கயிறு மணலில் உரசி அறுந்து போகாதபடி மரத்தில் பள்ளம் எடுத்து அதற்குள் பதிப்பார்கள். இந்தக் கட்டு இரும்பு மாதிரி இறுகியும் இருக்கக்கூடாது. அலை அடிக்கும்போது ஒவ்வொரு மரமும் தனித்தனியே கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். ஆணி அடித்தால் அசையாது. அசையாவிட்டால் பிளக்கும்.

முழுகாத ரகசியம்

சென்னைக் கடற்கரையில் குளித்தவர்களுக்குத் தெரியும், இங்கே அலை எப்படி மடிந்து விழும் என்று. சாதாரணப் படகு ஒன்றைத் தள்ளினால் முதல் அலையில் தண்ணீர் ரொம்பும். இரண்டாவது அலையில் கவிழும்.

கட்டுமரத்தில் தண்ணீர் ரொம்ப இடமே கிடையாது. மேலே விழுந்த தண்ணீர் மர இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். மரமே மிதப்பதால் முழுகாது. கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக் கொள்ளலாம். ஓட்டை விழுமே என்ற பயமும் இல்லை. ஓட்டையாலேயே ஆன படகு அது!

வெள்ளைக்காரன் 1639-ல் இங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்டியபோது துறைமுகம் இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆளையும் சாமானையும் மசூலா என்ற படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். அது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அது கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்குவதற்குக் கட்டுமரக்காரர்கள் கூடவே போவார்கள். கப்பலுக்குக் கடிதம் கொண்டு போவதும் அவர்கள்தான். கடிதம் நனையாமல் இருக்கத் தலையில் கூம்புத் தொப்பி போட்டு, அதற்குள் வைத்துக் கொள்வார்களாம்.

இந்தப் படகைப் பார்த்து அசந்து போனவர்களில் வில்லியம் டாம்பியர் என்ற கப்பல் பயணியும் ஒருவர். 1697-ல் அவர் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் கட்டுமரம் வருகிறது. இங்கிலீஷில் "கேட்டமரான்" என்ற வார்த்தை கட்டுமரத்தில் இருந்து வந்ததுதான். 1876-ல் அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்ற படகு நிபுணர் இரண்டு ஓடுகளை இணைத்து ஒரு பந்தயப் படகு கட்டினார். அந்த மாதிரிப் படகுகளுக்கும் இதே பெயர் நிலைத்துவிட்டது. இன்று கோடி ரூபாய் சொகுசுப் படகுக்கும் கேட்டமரான் என்றுதான் பெயர். பெயர் உலகம் சுற்றுகிறது. பெயருக்குச் சொந்தக்காரர் பாக்கி வசூலுக்கு அலைந்தார்.

ஒரு மரம் மாற்றினால் போதும்

வியாபாரம் என்று பார்த்தால் கட்டுமரப் பட்டறையில் ஒரு விசித்திரம் உண்டு. முழுக் கட்டுமரம் விற்பது எப்போதாவதுதான்.

கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிப் போட்டுக் காய வைப்பார்கள். மறுபடி போகும்போது மறுபடி கட்டு. லேசான மரம் தண்ணீரைக் குடிக்கும். "மரம் குடிச்சிடுச்சு" என்று குப்பத்தில் சொல்வார்கள். குடித்த மரம் கனக்கும். துடுப்புப் போடுகிறவர் தோள் கழன்று விடும். வெயில் காட்டினால் தெளியும்!

இப்படி அவிழ்த்துப் போடும்போது எந்த மரம் இற்றுப் போச்சு என்று கண்ணுக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும் அப்படியே ஓடும். அடுத்த வருஷம் இன்னொன்று. இப்படி மாற்றி மாற்றிக் கடைசியில் பழைய கட்டை ஒன்று கூட இருக்காது. ஆனாலும் அது அதே மரம்தான். அப்பா வைத்திருந்த மரம் என்றுதான் மகன் சொல்வான்.

கழித்துப் போட்ட கட்டையும் வீணாகாது. குடிசை வாசலில் திண்ணையாகக் கிடக்கும். அதற்கும் லாயக்கில்லாமல் போனால் அடுப்புக்குப் போகும்.

ஆக, மேஸ்திரிக்கு வருமானம் ஒட்டு வேலையில்தான். ஒரு கட்டை மாற்றுவது, அணியம் சீவுவது, பள்ளத்தை ஆழப்படுத்துவது. அப்புறம் துடுப்பு.

துடுப்பு வேலை

துடுப்பு என்றால் லேசாக நினைக்க வேண்டாம். மரம் கட்டுகிற மேஸ்திரி எல்லாரும் நல்ல துடுப்புக்காரர் இல்லை.

சென்னைப் பக்கத்துத் துடுப்பு நீளமான பலகை. கட்டுமரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து தள்ள வேண்டும். பாய் விரித்துப் போகும்போது அதுவே சுக்கான். கன்னியாகுமரிப் பக்கம் வேறு மாதிரி. மூங்கிலைப் பிளந்து இரண்டு முனையாலும் மாற்றி மாற்றித் தள்ளுவார்கள்.

பலகை தடிமனாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கை வீங்கும். மெல்லிசாக இருந்தால் அலையில் குத்தும்போது பிளக்கும். நடுவில் கனம் நிற்க வேண்டும். ஓரம் சீவி இறங்க வேண்டும். பிடிக்கிற இடத்தில் முடிச்சு விழுந்த மரம் வரக்கூடாது. உள்ளங்கைத் தோலை உரித்துவிடும்.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். நெட்டை ஆள் துடுப்பைக் குட்டை ஆள் வாங்கிப் போனால் இரண்டு நாளில் திருப்பிக் கொண்டு வந்து நிற்பார். மேஸ்திரி முணுமுணுத்துக் கொண்டே சீவித் தருவார். அதற்குக் காசு கேட்பது இல்லை. டீ வாங்கிக் கொடுத்தால் சரி.

வடக்கே கடல் விழுங்கியது

இவ்வளவுக்கும் வேண்டியது மணல். கட்ட மணல், அவிழ்த்துக் காய வைக்க மணல், செதுக்க மணல். கட்டுமரத் தொழிலை மணலில் இருந்து பிரிக்கவே முடியாது. அந்த மணலுக்குத்தான் ஆபத்து வந்தது. இரண்டு பக்கமும் வந்தது.

சென்னைத் துறைமுகத்துக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயலில் கட்டின சுவர் உடைந்து, மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையில் கடல் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கே இருந்து வடக்கே மணலைத் தள்ளிக் கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்து மறித்தது. மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா அகலமானது. சாயங்காலம் சுண்டல் வாங்கிக் கொண்டு நாம் காற்று வாங்குகிற மணலில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான்.

வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரத்தில் இருந்து வடக்கே கரை அரித்தது. வீடு விழுந்தது. ரோடு விழுந்தது. அரிப்பைத் தடுக்க ராட்சதக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் கட்டுமரத்தை எப்படி இழுத்துப் போடுவது? அலையோடு வந்தால் கல்லில் மோதிச் சிதற வேண்டியதுதான். அங்கே பட்டறைக்குத் தரையே போய்விட்டது.

1985: மெரினாவில் துப்பாக்கிச் சூடு

தெற்கே மணல் இருந்தது. ஆனால் அதன் மேல் வேறு ஒரு கண் விழுந்தது.

மெரினாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் கிராண்ட் டஃப் என்ற கவர்னர். 1880-களில் அவர் நடைபாதை போட்டார். அதற்கு முன்பே கடற்கரையில் மீனவர்கள் இருந்தார்கள். அயோத்திக்குப்பம், மாட்டாங்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள்.

1985-ல் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராக இருந்தபோது மெரினாவை அழகுபடுத்த அரசு முடிவு செய்தது. மணலில் கிடந்த கட்டுமரங்களும் வலைகளும் அழகுக்கு இடைஞ்சல் என்று கருதப்பட்டது. அவற்றை அப்புறப்படுத்தினார்கள்.

குப்பங்களில் கொதிப்பு ஏற்பட்டது. மீனவர்கள் திரண்டார்கள். மோதல் வெடித்தது. போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். மீனவர்கள் பலியானார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? மரத்தைக் காயப்போட இடம். அப்பளம் போடுகிறவரிடம், "அப்பளம் போட்டுக்கோ, ஆனா வெயிலில் காயப்போடாதே" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? கட்டுமரத்தை மணலில் போடாதே என்பதும் அதுதான்.

குப்பங்கள் போகவில்லை. இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன. இடத் தகராறும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு ஓர மீன் கடைகள் விஷயத்தை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கடைகளை மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் மறியலில் இறங்கினார்கள். 2024-ல் அங்கே மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். விற்கிறவர்களுக்குக் கூரை கிடைத்தது. வலை உலர்த்தவும் படகைச் சீர் செய்யவும் பழையபடி அந்தத் திறந்த மணல்தான்.

எஞ்சின் வந்தது

போலீசுக்கும் கடலுக்கும் தப்பிய கட்டுமரம், எஞ்சினுக்குத் தப்பவில்லை.

1979-ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்று ஆரம்பமானது. அதற்குச் சென்னையில்தான் ஆபீசு. கட்டுமர மீனவருக்கு என்ன செய்யலாம் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். கட்டுமரத்தில் எஞ்சின் பொருத்திப் பார்த்தார்கள். அலையில் இறங்கி ஏறக்கூடிய ஃபைபர் படகுகளைக் கட்டிப் பார்த்தார்கள். நல்ல மரம் கிடைப்பது குறைந்துகொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம்.

மீனவருக்கும் எஞ்சின் தேவைப்பட்டது. விசைப்படகுகள் கரை அருகே வந்து வாரிக் கொண்டு போவதாக 1970-களில் பெரிய தகராறு நடந்தது. 1983-ல் சட்டம் வந்தது. கரையில் இருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது என்றார்கள். சட்டம் வந்தாலும், மீன் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டுமே! துடுப்புப் போட்டு எவ்வளவு தூரம் போவது? பக்கத்து வீட்டுக்காரர் எஞ்சின் படகில் போய்க் காலையிலேயே ஏலத்துக்கு வந்துவிட்டால், மத்தியானம் வந்து சேர்கிற கட்டுமரக்காரர் மீனுக்கு என்ன விலை கிடைக்கும்?

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி! கரையில் கிடந்த மரம், படகு, வலை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டியது. அதன் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன. தர்ம ஸ்தாபனங்களும் போட்டி போட்டுக் கொண்டு கொடுத்தன. கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மணலில் உட்கார்ந்து மரம் செதுக்கிய மேஸ்திரிக்கு அதோடு ஆர்டர் நின்று போனது.

இப்போது பட்டறை

இன்றைக்கும் குப்பத்து மணலில் பட்டறை உண்டு. வேலைதான் வேறு. கோடாலிச் சத்தம் இல்லை. மிஷின் சத்தம். ரெசின், ஹார்டனர், கண்ணாடி இழைப் பாய், பிரஷ். கிழிந்த இடத்தைத் தேய்த்து, இழையைப் போட்டு, ரெசினைத் தடவி, காய வைக்கிறார்கள். தேய்க்கும்போது பறக்கிற தூள் உடம்பெல்லாம் அரிக்கும். மூக்கில் துணி கட்டிக் கொண்டு செய்கிறார்கள். பலர் அதுவும் இல்லாமல் செய்கிறார்கள். ரெசின் வாடை தூரத்தில் வரும்போதே அடிக்கும்.

கட்டுமர வடிவத்திலேயே ஃபைபரில் செய்ததும் இருக்கிறது. உள்ளே மிதப்புப் பொருளை அடைத்து மேலே ஃபைபர் பூசியது. விரிசல் விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும். மரமாக இருந்தால் அவிழ்த்துக் காயப்போடலாம். இதை எப்படி அவிழ்ப்பது? முகத்துவாரப் பக்கம் போனால் தெர்மாகோல் கட்டிகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஏறிப் போகிறவர்களையும் பார்க்கலாம். அவரும் அந்தப் பழைய யோசனையில்தான் போகிறார். மரத்துக்குப் பதில் டி.வி. பெட்டிக்குள் வருகிற சரக்கு!

உடைந்த ஃபைபர் ஓடுகள் அங்கங்கே கிடக்கின்றன. திண்ணைக்கும் ஆகாது. அடுப்புக்கும் ஆகாது.

முட்டுக்காடு, கோவளம் பக்கம் வேறு ஒரு கூத்து. கயாக் என்ற சின்னப் படகில் ஏறித் துடுப்புப் போடுவதற்குப் பட்டணத்துப் பிள்ளைகள் காசு கொடுக்கிறார்கள். கயாக் கிரீன்லாந்துப் பக்கத்து வேட்டைக்காரர் படகு. மரச் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்துச் செய்வார்கள். அதற்கும் அளவுகோல் கிடையாது. இரண்டு கையையும் விரித்த நீளத்தைப் போல் மூன்று பங்கு படகின் நீளம். விரித்த கையோடு ஒரு முழம் சேர்த்தால் துடுப்பின் நீளம். நம் மேஸ்திரி அங்கே போயிருந்தால் ஒரே நாளில் பேச்சு ஒத்துப் போயிருக்கும்!

இங்கே வாடகைக்குக் கிடைப்பது பிளாஸ்டிக். மேலே உட்கார்ந்து போகிற மாதிரி செய்த கயாக்கில் அடியில் ஓட்டைகள் வைத்திருப்பார்கள். ஏறின தண்ணீர் அது வழியாக இறங்கிவிடும். புது ஏற்பாடு என்று சொல்கிறார்கள். கேட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

நிமிர்ந்து நில்லு!

மரத் துடுப்பு வேலை மட்டும் இன்னும் அடியோடு போகவில்லை. எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகிலும் ஒரு துடுப்பு கிடக்கும். எண்ணெய் தீர்ந்தால், காத்தாடியில் வலை சுற்றிக் கொண்டால், நடுக்கடலில் எஞ்சின் மக்கர் செய்தால், அப்போது அதுதான் கை கொடுக்கும்.

அந்தத் துடுப்பைக் கேட்டு வருகிற பையன்களுக்கு அளவு சொல்லத் தெரிவது இல்லை. செல்போனில் யாருடைய துடுப்பையோ படம் எடுத்துக் கொண்டு வந்து, "இதே மாதிரி" என்று காட்டுவார்கள்.

வயதான மேஸ்திரி படத்தைப் பார்க்க மாட்டார்.

"அத்த உள்ள வையி தம்பி. நிமிர்ந்து நில்லு. கையைத் தூக்கு" என்று சொல்லிவிட்டுக் கரித்துண்டை எடுப்பார்.